பழைய டிவி கேமுக்கு கேசட்டை வீட்டிலேயே செய்யலாம்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பரணிலிருந்து இறக்கிய பழைய டிவி கேம் பெட்டிக்கு கேசட் எங்கே கிடைக்கும் என்று தங்கள் நாளிதழின் கேள்வி பதில் பகுதியில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். கேசட் வருவது நின்று பல வருடம் ஆகிவிட்டது, பெட்டியை இனி அலமாரியில் அழகுக்கு வைத்துக்கொள்ளலாம் என்று பதில் வந்திருந்தது. அதைப் படித்துவிட்டு எத்தனை பேர் நல்ல பெட்டியைக் காயலான் கடையில் போட்டார்களோ என்ற வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன். பெட்டி ஓடும் நிலையில் இருந்தால் கேசட்டை வீட்டு மேஜையிலேயே கட்டிவிடலாம். இரண்டு மெமரி ஐசி, ஆளுக்கொரு சிறு கப்பாசிட்டர், 47 சிக்னல் கம்பி, 3 குறுக்கு இணைப்பு, 5 வோல்ட், கிரவுண்ட். எளிய கேசட்டுக்குள் இதற்கு மேல் எதுவும் இல்லை.

முதலில் பெட்டி எந்த வகை என்று பார்க்க வேண்டும். ஜப்பானில் நிண்டெண்டோ நிறுவனம் 1983 ஜூலை 15 அன்று ஃபேமிகாம் என்ற பெட்டியை வெளியிட்டது. 90களில் நம் ஊர்க் கடைகளில் 'டிவி கேம்' என்று விற்றவற்றில் பெரும்பாலானவை அதன் நகல்கள். கேசட்டின் வாய்ப்பகுதியில் பற்கள், அதாவது பெட்டியின் ஸ்லாட்டைத் தொடும் உலோகக் கீற்றுகள், பக்கத்துக்கு 30 வீதம் 60 இருந்தால் அது இந்தக் குடும்பம். இதே பெட்டி அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வேறு வடிவத்தில் விற்கப்பட்டது. அதற்கு 72 பற்கள். கேசட்டுக்குள் ஒரு பூட்டு ஐசி இருந்து பெட்டிக்குள் இருக்கும் ஐசியோடு ஒத்துப்போனால்தான் அது ஓடும். அதற்கும் வழி இருக்கிறது, ஏடிடைனி13 என்ற சிறு ஐசியை அந்த வேலைக்குப் பழக்கியிருக்கிறார்கள். 60 பல் பெட்டியில் அந்தப் பூட்டே கிடையாது. அதனால் கேசட் கட்டிப் பழக இதைவிட நல்ல பெட்டி இல்லை.

பழைய கேசட் ஒன்றைத் திறந்து பாருங்கள். பெரும்பாலானவற்றில் திருகாணி இருக்காது, இரண்டு ஓடுகளும் கொக்கியில் மாட்டியிருக்கும். பழைய ரீசார்ஜ் கார்டை இடுக்கில் நுழைத்து மெல்ல நெம்பினால் வாய் திறக்கும். உள்ளே ஐசி என்று ஒன்றைத் தேடினால் கிடைக்காது. பலகையின் நடுவில் பத்துப் பைசா அளவுக்குக் கருப்பாக ஒரு பொட்டு உறைந்திருக்கும். சிலிக்கான் துண்டை நேரடியாகப் பலகையில் ஒட்டி, மயிரிழைக் கம்பியால் தைத்து, மேலே எபாக்சியை ஊற்றி மூடியிருக்கிறார்கள். அதைக் கழற்றவும் முடியாது, மறுபடி எழுதவும் முடியாது. ஆகவே கேசட் செத்துப்போனால் பொட்டை மறந்துவிட்டு, மேல் ஓடுகளையும் பற்கள் உள்ள பலகையையும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அவை இரண்டும் மறுபடி பயன்படும்.

கேசட்டுக்குள் நடப்பதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. பெட்டியில் இரண்டு மூளைகள் உண்டு. ஒன்று விளையாட்டின் கணக்கைப் பார்க்கும் சிபியு. மற்றது படம் வரையும் பிபியு. இரண்டும் ஒரே மெமரியைப் பகிர்ந்துகொள்வதில்லை. கேசட்டில் சிபியுவுக்குத் தனியாக ஒரு ஐசி, பிபியுவுக்குத் தனியாக ஒரு ஐசி. முதலாவதில் 32 கிலோபைட் புரோகிராம், இரண்டாவதில் 8 கிலோபைட் படங்கள். உலகமே அறிந்த சூப்பர் மேரியோ பிரதர்ஸ் இந்த 40 கிலோபைட்டுக்குள் அடங்கியதுதான். முதல் கேசட்டை இந்த எளிய வகையிலேயே கட்டுங்கள். எடுத்த எடுப்பில் நூறு விளையாட்டு கேசட் கட்டப் போகிறவர்கள் ஒன்றையும் ஓடவைக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

பலகைக்கு இரண்டு வழி. பழைய பலகையையே பயன்படுத்தலாம். பற்களிலிருந்து பொட்டுக்குப் போகும் டிராக் எல்லாவற்றையும் பொட்டுக்குச் சற்று முன்னால் கத்தியால் அறுத்து, பச்சைப் பூச்சைச் சுரண்டி, அங்கே எனாமல் வயரைச் சால்டர் செய்து ஐசிக்கு இழுக்க வேண்டும். பல்லின் மேலேயே சால்டர் வைக்கக் கூடாது. அந்த மேடு ஸ்லாட்டின் உலோக நாக்கை வளைத்துவிடும், பிறகு எந்தக் கேசட்டைப் போட்டாலும் அந்தப் பல் ஒட்டாது. மற்ற வழி, கணினியில் வரைந்து பிசிபி (செம்புத் தடம் பதித்த பலகை) தயாரிப்பவர்களிடம் கொடுப்பது. பல்லுக்குப் பல் இடைவெளி 2.54 மில்லிமீட்டர். பலகையின் தடிமனை ஊகிக்காதீர்கள். பழைய கேசட்டின் பல் பகுதியை வெர்னியரால் அளந்து அதே தடிமனைக் கேளுங்கள், சொல்லாமல் விட்டால் 1.6 மில்லிமீட்டரில் அடித்து அனுப்பிவிடுவார்கள். பற்களுக்குத் தங்க முலாம் வேண்டும். விலை குறைவென்று ஈயப் பூச்சில் வாங்கினால் பல்லின் மேல் மேடுபள்ளமாக நிற்கும், நாலு முறை செருகி எடுத்ததும் தேய்ந்து தூளாக ஸ்லாட்டுக்குள் உதிரும். செருகும் விளிம்பையும் இருபுறமும் சாய்வாக அரத்தால் ராவிவிடுங்கள்.

பற்களின் எண் வரிசையில்தான் பலரும் சறுக்குகிறார்கள். 1 முதல் 30 வரை ஒரு பக்கம், 31 முதல் 60 வரை மறுபக்கம். 1-க்கு நேர் முதுகில் 31, 30-க்கு நேர் முதுகில் 60. 1-ம் 16-ம் கிரவுண்ட். 30-ம் 31-ம் 5 வோல்ட். பழைய கேசட்டில் மல்டிமீட்டரை கன்டினியூட்டியில் வைத்துத் தேடுங்கள். எதிர்ப் பக்கங்களில், எதிரெதிர் மூலைகளில் இருக்கும் இரண்டு பற்களுக்கு இடையே பீப் வந்தால் அவை 30, 31. அங்கிருந்து மற்றவற்றை எண்ணிவிடலாம். கணினியில் வரையும்போது முன்பக்கமும் பின்பக்கமும் இடம் மாறிவிட்டால் கேசட்டின் கிரவுண்ட் நேராகப் பெட்டியின் 5 வோல்ட்டில் போய் உட்காரும். ஐசி நொடியில் சுட ஆரம்பிக்கும், பெட்டியின் ரெகுலேட்டரும் கூடவே வாடும். வரைபடத்தை அசல் அளவில் காகிதத்தில் அச்சடித்து, அட்டையில் ஒட்டி, பழைய பலகையோடு பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகே பிசிபிக்கு அனுப்புங்கள்.

இனி கம்பிகள். புரோகிராமுக்கு 27சி256 என்ற 28 கால் ஈபிராம், அதாவது எழுதி, அழித்து, மறுபடி எழுதக்கூடிய மெமரி ஐசி. சிபியுவின் முகவரிக் கம்பிகளில் ஏ0 இருப்பது 13-ஆம் பல்லில். அங்கிருந்து இறங்கு வரிசையில் போய் 2-ஆம் பல்லில் ஏ11 வரும். ஏ12, ஏ13, ஏ14 மூன்றும் பின்பக்கம் 33, 34, 35. டேட்டாவில் டி0 43-ஆம் பல், அங்கிருந்து இறங்கி 36-இல் டி7. ஐசியை எழுப்பும் 20-ஆம் காலான சிஇ, 44-ஆம் பல்லுக்குப் போக வேண்டும். அதற்கு ரோம்செல் என்று பெயர். சிபியு 8000 ஹெக்ஸ் (பதினாறை அடிப்படையாகக் கொண்ட எண்முறை) முதல் மேலே உள்ள எந்த முகவரியைக் கேட்டாலும் பெட்டியே இந்தக் கம்பியைக் கீழே இழுத்து கேசட்டை எழுப்பும். டேட்டாவை வெளியே விடும் 22-ஆம் காலான ஓஇ கிரவுண்டுக்கு. 28-ஆம் காலோடு, எழுதும் மின்னழுத்தம் வாங்கும் 1-ஆம் காலான விபிபியையும் 5 வோல்ட்டில் கட்டுங்கள். படிக்கும்போது விபிபிக்கு வேலை இல்லை என்று அந்தரத்தில் விட்டுவிடுகிறவர்கள் உண்டு. காலையில் ஓடும், மாலையில் ஓடாது என்ற வகைக் கோளாறு அங்கேதான் பிறக்கிறது.

படங்களுக்கு 27சி64. பிபியுவின் ஏ0 25-ஆம் பல், அங்கிருந்து இறங்கி 19-இல் ஏ6. பின்பக்கம் 50-இல் ஏ7 தொடங்கி ஏறுவரிசையில் 55-இல் ஏ12. டி0 முதல் டி3 வரை 26, 27, 28, 29. டி4 முதல் டி7 வரை 60, 59, 58, 57, அதாவது தலைகீழாக. இந்த இடத்தில் கண் ஏமாறும், எண்ணிப் போடுங்கள். சிஇ-க்கு 56-ஆம் பல்லிலுள்ள ஏ13, ஓஇ-க்கு 17-ஆம் பல். விபிபியோடு 27-ஆம் காலையும் 5 வோல்ட்டுக்குக் கட்ட வேண்டும். 27சி64 கிடைக்காவிட்டால் இன்னொரு 27சி256-ஐயே போடலாம். அப்போது 26, 27-ஆம் கால்கள் ஏ13, ஏ14 ஆகிவிடும். அவை இரண்டையும் கிரவுண்டில் கட்டி, படங்களை ஐசியின் முதல் 8 கிலோபைட்டில் எழுதினால் போதும்.

மீதி அந்த 3 குறுக்கு இணைப்புகள். இவற்றை மெமரியோடு தொடர்பில்லாதவை என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள், கேசட் ஓடாததற்குப் பாதிக் காரணம் இவைதான். 48-ஐயும் 49-ஐயும் இணைக்க வேண்டும். பெட்டிக்குள் திரைப் பின்னணிக்கென்று 2 கிலோபைட் மெமரி இருக்கிறது. அதை எழுப்பும் கம்பி கேசட்டுக்கு வந்துதான் திரும்புகிறது. இணைக்காவிட்டால் பின்னணி வெறும் குப்பையாகத் தெரியும். அடுத்தது 45-ஐயும் 46-ஐயும் இணைப்பது. அசல் ஃபேமிகாமில் ஒலியும் கேசட் வழியாகச் சுற்றிக்கொண்டுதான் டிவிக்குப் போகும். இது விட்டுப்போனால் விளையாட்டு ஊமையாக ஓடும். நகல் பெட்டிகளில் சில உள்ளேயே இதை இணைத்துவிட்டிருக்கும், அதனால் ஒரு பெட்டியில் சத்தம் வந்து இன்னொன்றில் வராமல் போனால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். மூன்றாவது 18-ஆம் பல். அதை 53-இல் சேர்த்தால் இரண்டு திரைகள் பக்கம் பக்கமாக நிற்கும், இடம் வலமாக நகரும் விளையாட்டுக்கு அது. 54-இல் சேர்த்தால் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும், மேலும் கீழும் நகரும் விளையாட்டுக்கு. தவறாகச் சேர்த்தாலும் முதல் திரை ஒழுங்காகவே தெரியும். ஆள் நடக்கத் தொடங்கியதும் பின்னணி பிய்ந்து போகும்.

ஒவ்வொரு ஐசிக்கும் பக்கத்தில், அதன் 28-ஆம் காலுக்கும் 14-ஆம் காலுக்கும் இடையே 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் கப்பாசிட்டர் ஒன்று கட்டாயம். ஐசியிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி வைத்தால் பயன் இல்லை.

ஈபிராம் வாங்குவதில் கவனம் தேவை. சென்னை ரிச்சி தெருவிலும் இணையக் கடைகளிலும் வருபவற்றில் பல, பழைய பலகைகளிலிருந்து உருவி எடுத்தவை. சில, மேல்பக்கத்தைத் தேய்த்துப் புதுப் பெயர் அச்சிட்டவை. எழுத்தின் மேல் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் தேய்த்துப் பாருங்கள், மை கையோடு வந்தால் வேண்டாம். ஈபிராமில் எழுதும் கருவியான புரோகிராமரில் வைத்ததும் ஐடியைப் படிக்கச் சொல்லுங்கள். மேலே எழுதியிருக்கும் நிறுவனமும் ஐடி சொல்லும் நிறுவனமும் ஒன்றாக இருக்க வேண்டும். அடுத்து பிளாங்க் செக். வெற்று ஈபிராமில் எல்லா பைட்டும் எஃப்எஃப் என்றுதான் இருக்கும். எழுதுவது என்றால் 1-ஐ 0 ஆக்குவது மட்டும்தான். 0-ஐ மறுபடி 1 ஆக்க புறஊதா விளக்கு ஒன்றுதான் வழி. வேகத்துக்கு 150 நானோசெகண்ட் போதும், பெட்டியின் சிபியு ஏறத்தாழ 1.8 மெகாஹெர்ட்ஸில் போகும் நிதானமான ஆள்.

புரோகிராமராக டிஎல்866, டி48 போன்ற யுஎஸ்பி கருவிகள் இந்த ஐசிகளுக்குப் போதும். 27சி வகைக்கு எழுதும் மின்னழுத்தம் பொதுவாக 12.5 வோல்ட். 'சி' என்ற எழுத்து இல்லாத பழைய 2764 வகைகளில் 21 வோல்ட் கேட்பவை உண்டு, அந்த நிறுவனத்தின் தரவுத்தாளைப் பார்க்காமல் எழுதாதீர்கள். எழுதி முடித்த பிறகு வெரிஃபை ஒரு முறை வந்தால் திருப்தி அடையாமல், மின்னழுத்தத்தைக் குறைத்தும் கூட்டியும் சரிபார்க்கும் வசதி இருந்தால் அதையும் செய்யுங்கள். அரைகுறையாக எழுதப்பட்ட பிட்டுகள் அங்கே மாட்டும்.

கணினியில் இருக்கும் விளையாட்டுக் கோப்பை அப்படியே ஈபிராமில் எழுதக் கூடாது. கோப்பின் முதல் 16 பைட் வெறும் முகவரிச் சீட்டு. இந்த வகை விளையாட்டின் கோப்பு 40,976 பைட் இருக்கும். முதல் 16-ஐ ஹெக்ஸ் எடிட்டரில் வெட்டி எறிந்தால் 40,960. அதில் முதல் 32,768 பைட் புரோகிராம் ஐசிக்கு, கடைசி 8,192 படங்களின் ஐசிக்கு. கோப்பு 24,592 பைட் என்றால் புரோகிராம் 16 கிலோபைட்தான். அதை இரண்டு முறை அடுத்தடுத்து வைத்து 32 ஆக்கி எழுத வேண்டும், இல்லையென்றால் சிபியு தொடக்க முகவரியைத் தேடும் இடத்தில் வெறுமைதான் இருக்கும். வெட்டியது சரியா என்று பார்க்க எளிய சோதனை உண்டு. புரோகிராம் கோப்பில் 7எஃப்எஃப்டி ஹெக்ஸ் இடத்தில் உள்ள பைட் 80 ஹெக்ஸுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். குறைந்தால் எங்கோ பிசகியிருக்கிறீர்கள். வெட்டி எறிவதற்கு முன் அந்த 16 பைட்டில் 7-ஆவது பைட்டின் கடைசி பிட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். 1 என்றால் 18-ஆம் பல்லை 53-இல் சேருங்கள், 0 என்றால் 54-இல்.

ஈபிராமின் முதுகில் இருக்கும் சின்ன வட்டக் கண்ணாடியை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். அடியில் வெள்ளித் தகடு போல ஒரு சதுரம், அதன் ஓரங்களிலிருந்து மயிரிழைக் கம்பிகள் கால்களுக்கு இறங்குவது தெரியும். அந்தக் கண்ணாடி குவார்ட்ஸ். சாதாரணக் கண்ணாடி புறஊதாவைத் தடுத்துவிடும், இது விடும். அழிக்க 253.7 நானோமீட்டர் விளக்கின் கீழே, ஓரங்குல நெருக்கத்தில் 15 முதல் 20 நிமிடம் வைக்க வேண்டும். கண்ணாடியில் பசை ஒட்டியிருந்தால் அதன் நிழலில் உள்ள பிட்டுகள் அழியாது, முதலில் துடையுங்கள். அந்த விளக்கை வெறுங்கண்ணால் பார்க்கவே கூடாது. மூடிய பெட்டிக்குள்தான் எரிய வேண்டும். எழுதி முடித்ததும் கண்ணாடியை ஒளி புகாத ஸ்டிக்கரால் மூடுங்கள். நேரடி வெயில் பட்டால் ஒரு வாரத்திலும், டியூப்லைட் வெளிச்சம் விடாமல் பட்டால் ஏறத்தாழ 3 வருடத்திலும் அழிந்துவிடலாம் என்று தரவுத்தாள்களே எச்சரிக்கின்றன.

அடிக்கடி எழுதி அழித்துப் பழகுகிறவர்கள் 28சி256 வாங்கலாம். அதற்கு விளக்கு வேண்டாம், மின்சாரத்திலேயே அழியும். ஆனால் 27சி256-க்கு வரைந்த பலகையில் அதை அப்படியே செருகாதீர்கள். இதில் ஏ14 இருப்பது 1-ஆம் காலில், எழுதும் கம்பி 27-ஆம் காலில். அப்படியே செருகினால் 1-ஆம் கால் எப்போதும் 5 வோல்ட்டிலேயே நிற்கும், சிபியுவுக்கு மேல் பாதி 16 கிலோபைட் மட்டும் இரண்டு தடவை தெரியும். 1-ஆம் காலுக்கு 35-ஆம் பல்லையும், 27-ஆம் காலுக்கு 5 வோல்ட்டையும் கொடுங்கள்.

மின்சாரம் கொடுப்பதற்கு முன் ஐசிகளைச் செருகாமல் 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் இடையே ஷார்ட் இல்லை என்று பாருங்கள். நாமே இணைத்த 45-46, 48-49 தவிர அடுத்தடுத்த பற்களுக்கு இடையேயும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். வெற்றுப் பலகையைப் பெட்டியில் செருகி, பெட்டியைப் போட்டு, ஐசி பேஸில் (ஐசியைச் செருகும் சாக்கெட்) 28-ஆம் காலுக்கும் 14-ஆம் காலுக்கும் இடையே 4.75 முதல் 5.25 வோல்ட்டுக்குள் இருக்கிறதா என்று அளந்த பிறகே ஐசியை வையுங்கள். பெட்டி ஓடும்போது கேசட்டைச் செருகவும் எடுக்கவும் வேண்டாம்.

முதல் தடவையில் ஓடாமல் போவது சகஜம். எது தவறு என்பதைத் திரையே சொல்லிவிடும். ஒரே நிறத்தில் வெறும் திரை நின்றால் சிபியு புறப்படவே இல்லை. புரோகிராம் ஐசி, 44-ஆம் பல், கோப்பை வெட்டிய விதம் மூன்றையும் பாருங்கள். இசை ஒழுங்காக வந்து படம் மட்டும் குப்பை என்றால் குற்றம் படங்களின் ஐசிப் பக்கம். அங்கே இன்னும் நுணுக்கமாகப் போகலாம். ஒவ்வொரு படத் துண்டும் 8-க்கு 8 புள்ளி, 16 பைட். ஏ0, ஏ1, ஏ2 துண்டுக்குள் வரிகளைத் தேர்ந்தெடுக்கின்றன, ஏ3 நிறத்தின் இரண்டு அடுக்குகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறது, ஏ4-க்கு மேல் எந்தத் துண்டு என்பது. எழுத்துகள் முழுசாக இருந்து வேறு வேறு இடத்தில் நின்றால் ஏ4 முதல் ஏ12 வரை ஏதோ மாறியிருக்கிறது. எழுத்தின் வரிகளே கலைந்து, தலை காலாகவும் கால் தலையாகவும் இருந்தால் முதல் மூன்றில் தவறு. வடிவம் சரி, நிறம் மட்டும் தப்பு என்றால் ஏ3. ஒவ்வொரு எட்டாவது புள்ளியிலும் செங்குத்துக் கோடு விழுந்தால் டேட்டா கம்பி ஒன்று விட்டிருக்கிறது. பின்னணி எழுத்து வர வேண்டிய இடத்தில் ஆட்களின் துண்டுகள் வந்தால் பெரும்பாலும் ஏ12. இந்த ஒரு பாடத்துக்காகவே கேசட் கட்டலாம் என்பேன். முகவரிக் கம்பி என்றால் என்ன என்று கரும்பலகையில் மணிக்கணக்காகச் சொல்வதை, ஒரு கம்பியைப் பிடுங்கித் திரையைப் பார்த்தால் நொடியில் காட்டிவிடலாம்.

என்ன விளையாட்டை எழுதுவது என்பதையும் சொல்ல வேண்டும். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் கணினிப் புரோகிராமை இலக்கியப் படைப்பின் வரிசையில் வைத்துக் காக்கிறது. அடுத்தவர் விளையாட்டை நகலெடுத்து விற்பது குற்றம். சொந்தமாக எழுதுங்கள். சிசி65 என்ற இலவசக் கருவியில் சி மொழியிலோ அசெம்பிளியிலோ எழுதலாம், இசைக்கு ஃபேமிடிராக்கர், கணினியில் ஓட்டிப் பார்க்க மெசன். கணினியில் ஓடிய விளையாட்டு பெட்டியில் ஓடாமல் போனால் முதல் சந்தேகம் மெமரி. பெட்டியைப் போடும்போது சிபியுவுக்கென்று அதில் உள்ள 2 கிலோபைட் மெமரியில் என்ன இருக்கும் என்று சொல்ல முடியாது, புரோகிராமே அதைச் சுத்தம் செய்ய வேண்டும். அடுத்தது, பிபியு விழித்துக்கொள்ள நேரம் கொடுக்காமல் எழுதத் தொடங்குவது. தொடக்கத்தில் இரண்டு திரை இடைவெளி காத்திருக்க வேண்டும். நம் ஊர் நகல் பெட்டிகள் பால் (PAL) என்ற டிவி முறையில் நொடிக்கு 50 படம் காட்டுபவை, ஜப்பான் பெட்டி 60. அங்கே சரியாக இருந்த இசை இங்கே இழுவையாகக் கேட்டால் பெட்டியைக் குறை சொல்ல வேண்டாம்.

ஒன்று ஓடிவிட்டால் ஆசை வளரும். ஒரே கேசட்டில் இரண்டு விளையாட்டு வேண்டுமென்றால் 27சி512-உம் 27சி128-உம் போட்டு, முன்னதின் 1-ஆம் காலான ஏ15-ஐயும் பின்னதின் 26-ஆம் காலான ஏ13-ஐயும் ஓர் இரட்டைச் சுவிட்சால் கிரவுண்டுக்கும் 5 வோல்ட்டுக்கும் மாற்றினால் போதும். இரண்டு விளையாட்டுக்கும் 18-ஆம் பல்லின் இணைப்பு ஒன்றாக இருக்க வேண்டும். பெட்டியை அணைத்த பிறகே சுவிட்சைத் தொட வேண்டும். 128 கிலோபைட் புரோகிராம் என்றால் 74எச்சி161, 74எச்சி32 என்ற இரண்டு ஐசிகளும் படங்களுக்கு 6264 ராமும் சேரும். சிபியு எழுதும் எண்ணை 161 பிடித்து வைத்துக்கொண்டு பக்கத்தை மாற்றும், 32 கடைசிப் பக்கத்தை மட்டும் எப்போதும் அதே இடத்தில் நிறுத்தும். இதில் ஒரு கண்ணி உண்டு. எழுதும் அதே நேரம் ஈபிராமும் டேட்டா கம்பியில் பேசும். அதனால் எந்த எண்ணை எழுதுகிறோமோ அதே எண் ஈபிராமில் அந்த முகவரியில் ஏற்கெனவே இருக்கும்படி புரோகிராம் எழுத வேண்டும். இரண்டும் வேறானால் சண்டைதான்.

ஐசி பேஸ் போட்டால் உயரம் கூடி ஓடு மூடாமல் போவது உண்டு. சோதனைக்குப் பேஸ், முடிவான கேசட்டில் நேரடி சால்டர் என்று வைத்துக்கொள்ளலாம். கேசட் எடுக்காவிட்டால் வாயால் ஊதிப் போடும் வழக்கம் எல்லோருக்கும் இருந்தது. ஊதும்போது போகும் ஈரம் பல்லில் பச்சைக் களிம்பு ஏற்றும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, காய்ந்த பிறகு செருகுங்கள்.

தங்கள் நாளிதழ் வழியாக ஒரு வேண்டுகோள். நம் பாலிடெக்னிக், பொறியியல் கல்லூரிகளின் மைக்ரோபிராசசர் லேப்களில் 8085 பாடத்துக்காக வாங்கிய ஈபிராம் புரோகிராமரும் புறஊதா அழிப்பானும் எங்காவது இருந்தால் அவற்றை வெளியே எடுத்து மாணவர்கள் கையில் கொடுங்கள். இந்த 47 கம்பிகளை ஒரு மாணவர் குழு இரண்டு நாளில் கட்டிவிடும். பல் எண்களின் படத்தை மாணவர் பகுதியில் தாங்கள் அச்சிட்டால் பேருதவியாக இருக்கும்.

கேள்வி கேட்ட வாசகர் பெட்டியை இன்னும் வைத்திருந்தால், அதைப் போட்டுப் பார்ப்பதற்கு முன் அடாப்டரைச் சோதிக்கச் சொல்லுங்கள். அசல் ஃபேமிகாம் கேட்பது 10 வோல்ட் டிசி, 850 மில்லிஆம்பியர், முனையின் நடுவில் மைனஸ். நகல் பெட்டியில் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டைப் பார்க்க வேண்டும். இப்போது கடைகளில் தரும் 9 வோல்ட் அடாப்டர்கள் பெரும்பாலும் நடுவில் பிளஸ்.

இப்படிக்கு,
மின்னணுப் பழுதுபார்ப்பவர்,
திருச்சி.